முகம் தெரியாதவருக்கு மாமாவின் வாட்ச்!

பழைய பொருளை விற்பது என்றால் நம் வீடுகளில் தெரிந்த வழிகள் கொஞ்சம்தான். பித்தளை என்றால் பாத்திரக் கடையில் போட்டுவிட்டு எவர்சில்வர் எடுப்போம். பேப்பர், இரும்பு என்றால் தராசோடு வாசலுக்கு வருகிறவர் இருக்கிறார். தங்கம் என்றால் நகைக் கடை. இந்த மூன்றிலும் ஒரு நிம்மதி உண்டு. வாங்குகிறவர் முகம் கண்ணுக்கு எதிரே இருக்கும். "என்னய்யா, எடையில அடிக்கீரே!" என்று சண்டையாவது போடலாம்.

இப்போது வந்திருக்கும் புது வழி அப்படி இல்லை. செல்போனில் படம் பிடித்துப் போட்டால் எங்கோ இருக்கிற ஒருவர் "நான் வாங்கிக்கொள்கிறேன்" என்கிறார். முகம் தெரியாது, ஊர் தெரியாது, குணமும் தெரியாது. 2024-ஆம் வருஷம் பாஞ்சாலங்குறிச்சியில் எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு வியாபாரம் நடந்தது. விற்றது என் மாமனாரின் கைக்கடிகாரம். நான்கு பேருக்குப் பாத்தியப்பட்ட பொருள். அதை விற்கும் பொறுப்பு மருமகளாகிய என் கையில்! சல்லிக்காசு குறைந்தாலும் யாருக்குக் கெட்ட பெயர் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் ஒவ்வோர் அடியையும் பார்த்துப் பார்த்து வைத்தேன். கேட்கிற நாலு சகோதரிகளுக்கு உபயோகப்படும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

மாமா கப்பல்காரர். சரக்குக் கப்பலில் இஞ்சின் பகுதியில் வேலை. கரிசல் காட்டில் உளுந்தும் பாசியும் பார்த்து வளர்ந்த மனுஷர், வானத்தை நம்பியது போதும் என்று கடலை நம்பிப் போனார். 1972-இல் சிங்கப்பூரில் கப்பல் நின்றபோது, மூன்று மாதச் சம்பளத்தைச் சேர்த்து ஓர் 'ஒமேகா' வாங்கினார். 'சீமாஸ்டர்' என்று முகப்பில் எழுதியிருக்கும். 1848-இல் ஆரம்பித்த அந்த சுவிஸ் கம்பெனி, தன் நூறாவது வருஷமான 1948-இல் கொண்டுவந்த வரிசை அது. பாட்டரி கிடையாது, சாவி கொடுக்கவும் வேண்டாம். கட்டியிருக்கும் கையின் அசைவிலேயே ஓடும். கழற்றி வைத்தால் ஓரிரு நாளில் நின்றுவிடும்.

இந்தத் தலைமுறைப் பிள்ளைகளுக்கு அந்த வாட்சின் மதிப்பு புரியாது. அப்போது நம் தேசத்தில் கைக்கடிகாரம் என்றால் 'எச்.எம்.டி.'தான். ஜப்பானின் 'சிட்டிசன்' கம்பெனியின் உதவியோடு 1961-இல் பெங்களூரில் ஆரம்பித்தது. மாப்பிள்ளைக்கு மோதிரமும் எச்.எம்.டி. வாட்சும் போட்டால் பெண் வீட்டார் நிமிர்ந்து நிற்பார்கள். 'டைட்டன்' எல்லாம் 1984-க்குப் பிறகு வந்த பெயர். வெளிநாட்டு வாட்சுக்கு அரசாங்கம் கடுமையாகக் கட்டுப்பாடும் தீர்வையும் வைத்திருந்ததால், நாட்டின் கடற்கரைகளில் அது ராத்திரியில் இறங்கும் சரக்குகளில் ஒன்றாக இருந்தது. மாமா அந்த வழிக்கே போகவில்லை. "கட்டினா ஊருக்கு முன்னால கட்டணும். ஒளிச்சுக் கட்டுறதுக்கு எதுக்கு வாட்சு?" என்பாராம். ஊர் திரும்பும்போது சுங்கத் தீர்வை கட்டி, ரசீதும் வாங்கி வந்தார்.

அந்த ரசீதை ஐம்பது வருஷத்துக்கு மேல் காப்பாற்றியவர் யார் தெரியுமா? என் அத்தைதான்! ரேஷன் கார்டு, பழைய பட்டா, பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை எல்லாவற்றோடும் ஒரு பிஸ்கட் டப்பாவில் மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்தார். மூன்று வகுப்புதான் படித்தவர். ஆனால் காகிதத்தின் அருமை தெரிந்தவர்.

மாமா 2023-இல் காலமானார். வருஷத் திதி முடிந்த மறுநாள், வீட்டில் வாட்சைப் பற்றிப் பேச்சு வந்தது. "அப்பா கட்டின வாட்சு மூத்த பிள்ளைக்குத்தான்" என்றார் என் கொழுந்தனார். அவர் அதைப் பெருந்தன்மையாகத்தான் சொன்னார். என் வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை. ஆனால் அவர் மனசு எனக்குத் தெரியும். சின்ன வயதில் அந்த வாட்சைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே தூங்கினவர்.

அப்போது அத்தை ஒரு கேள்வி கேட்டார்: "அப்ப பொம்பளைப் பிள்ளைக்கு?"

எல்லோரும் என் நாத்தனாரைப் பார்த்தோம். கணவரை இழந்தவள். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய் ஒரு மகனைப் படிக்க வைக்கிறாள். அந்த வருஷம் பையனுக்குப் பாலிடெக்னிக் சேர வேண்டும். "எனக்கு எதுக்கும்மா? அண்ணன் வச்சுக்கிடட்டும்" என்று தலையைக் குனிந்துகொண்டாள். நம் பெண்கள் எத்தனை வீட்டில் இப்படிச் சொல்லியிருப்போம்!

அத்தை விடவில்லை. "வாட்சை நாலாப் பிச்சுக் கொடுக்க முடியாது. வித்துத் துட்டைப் பிரிங்க. வேணும்னா மூத்தவன் விலையைக் கொடுத்துட்டு எடுத்துக்கிடட்டும்" என்றார்.

அத்தைக்குச் சட்டம் தெரியாது. ஆனால் சட்டம் அவர் பக்கம்தான். உயில் எழுதாமல் இறந்துபோன ஓர் இந்து ஆணின் சுயசம்பாத்தியத்தில் மனைவிக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் சமமான பங்கு. (இறந்தவரின் தாயார் இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு.) 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுச் சட்டத்திலேயே இது இருக்கிறது. பரம்பரைச் சொத்திலும் மகளுக்குச் சம உரிமை என்று நம் தமிழ்நாட்டில் 1989-இலும், தேசம் முழுவதற்கும் 2005-இலும் வந்தது. வீடு, நிலம் என்றால் சட்டம் பேசுகிற நாம், வாட்ச், சைக்கிள், தையல் மிஷின் என்று வரும்போது மட்டும் 'ஆம்பளைப் பொருள்', 'பொம்பளைப் பொருள்' என்று பிரித்துவிடுகிறோம்!

என் வீட்டுக்காரர் ஒரு ராத்திரி பூராவும் கணக்குப் போட்டுப் பார்த்தார். மூன்று பேர் பங்கைக் கொடுத்து எடுத்துக்கொள்ளும் வசதி எங்களுக்கு அப்போது இல்லை. "விற்றுவிடலாம். நீயே பார்" என்றார். அப்படித்தான் பொறுப்பு என் தலையில் வந்தது.

முதலில் தூத்துக்குடிக்கு பஸ் ஏறினேன். ஒரு கடிகாரக் கடையில் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஓடுது... ஆனா பழசு. ஒம்பதாயிரம் தாரேன்" என்றார். நான் எழுந்ததும், "இப்படியே கொண்டு போனா யாரும் வாங்க மாட்டாங்கம்மா. டயலுக்குப் புதுசா பெயின்ட் பண்ணி, கேஸுக்குப் பாலிஷ் போட்டுட்டா பளபளன்னு ஆயிடும். செய்யட்டுமா?" என்றார்.

நமக்கும் அதுதானே பழக்கம்? குத்துவிளக்கை விற்பதாக இருந்தால்கூடப் புளி போட்டுத் தேய்த்துத்தான் கொடுப்போம். ஆனாலும் விசாரிக்காமல் எதையும் செய்ய வேண்டாம் என்று திரும்பிவிட்டேன். வீட்டில் என் மகன் செல்போனில் தேடிப் பார்த்தான். பழைய உயர்ந்த வாட்சுகளைச் சேகரிப்பதற்கென்றே உலகம் முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் பார்க்கும் முதல் விஷயமே, டயல் கம்பெனி போட்டபடியே இருக்கிறதா என்பதுதான்! புதுப் பெயின்ட் அடித்த டயலைக் கண்டால் விலையைப் பாதியாகக் குறைப்பார்கள். இல்லை, வேண்டாம் என்று போய்விடுவார்கள். இந்தியாவில் இப்படிப் புதுசாக்கிய பழைய வாட்சுகளுக்கு 'மும்பை ஸ்பெஷல்' என்று கேலியாகப் பெயரே வைத்திருக்கிறார்கள். கேஸில் விழுந்த கீறல்கூடப் பரவாயில்லையாம். பாலிஷ் போட்டு விளிம்பு மழுங்கினால்தான் குறை. மாமாவின் வாட்சில் டயல் ஓரம் லேசாகப் பழுப்பேறியிருந்தது. தேய்க்காமல் விட்டதுதான் அதன் விலை!

விலை விஷயத்தில் இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். இணையத்தில் ஒரே மாதிரி வாட்சுக்கு ஒருவர் நாற்பதாயிரம், இன்னொருவர் ஒன்றரை லட்சம் என்று போட்டிருப்பார். அது அவர்கள் கேட்கிற விலை. எவ்வளவுக்கு விற்றது என்பதுதான் உண்மையான விலை. எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தையில் ஆட்டுக்காரர் முதலில் சொல்லும் விலைக்கு யாராவது ஆடு வாங்குகிறார்களா? ஏலக் கம்பெனிகள் விற்று முடிந்த விலையை வெளியிடுகின்றன. அவற்றைப் பத்துப் பன்னிரண்டு பார்த்துக் குறித்துக்கொண்டோம். பெட்டி இல்லை, தோல் பட்டை பிறகு மாற்றியது என்ற குறைகளைக் கழித்தால் அறுபதாயிரத்திலிருந்து எழுபதாயிரம் வரை நியாயம் என்று வந்தது. ஒன்பதாயிரம் எங்கே, இது எங்கே!

"முகம் தெரியாதவன்கிட்டயா விக்கப் போறீங்க?" என்று அத்தை கேட்டபோது, வேண்டாம் என்பார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் பிறந்த வீடு தூத்துக்குடி. முத்துக்குளிப்பைச் சின்ன வயதில் பார்த்தவர். தூத்துக்குடிக் கடலில் அரசாங்கம் நடத்திய முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோயிற்று. அந்த நாட்களில் சிப்பியைக் கரையில் கொண்டுவந்து எண்ணி, குளித்தவர்களின் பங்கு போக மீதியை ஆயிரம் சிப்பி இத்தனை ரூபாய் என்று ஏலம் விடுவார்கள். சிப்பியைத் திறக்காமலேயே! உள்ளே முத்து இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. ஒரே நாளில் பணக்காரன் ஆனவனும் உண்டு, கைம்முதலை விட்டவனும் உண்டு.

"சிப்பிக்குள்ள என்ன இருக்குன்னு தெரியாமலே வியாபாரம் நடந்துச்சு. ஆனா ஒண்ணு. துட்டை வச்சவன்தான் சிப்பியைத் தூக்குவான். துட்டு முன்னால, சரக்கு பின்னால. இதை மட்டும் மறந்துராத" என்றார் அத்தை.

பிற்பாடு எங்களைக் காப்பாற்றியது இந்த ஒரு வார்த்தைதான்.

பழைய பொருட்கள் விற்கும் ஒரு தளத்தில் படத்தோடு விளம்பரம் போட்டான் மகன். முகப்பு, பக்கவாட்டு, பின்மூடி எல்லாம் பகல் வெளிச்சத்தில் எடுத்தது. கீறலையும் பழுப்பையும் மறைக்காமல் எழுதினோம். உள்ளே இயந்திரத்தில் உள்ள வரிசை எண்ணை மட்டும் விளம்பரத்தில் போடவில்லை. அதை எடுத்து வேறொருவர் போலி விளம்பரம் செய்யக்கூடும் அல்லவா? வீட்டு விலாசமும் கொடுக்கவில்லை. தெரிந்த ரிப்பேர்காரர் ஒருவரிடம் மூடியைத் திறக்கச் சொல்லி, எண்ணைப் படம் எடுத்து நாங்கள் வைத்துக்கொண்டோம்.

போட்ட அரை மணியில் ஒரு போன். இந்தியும் இங்கிலீஷும் கலந்து பேச்சு. தான் ராணுவ அதிகாரியாம். தூத்துக்குடிப் பக்கம் மாற்றலாகி வருகிறாராம். வாட்சைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை, பேரமும் பேசவில்லை. சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் சொன்ன விலைக்கு ஆடு வாங்க வருகிறவனைக் கண்டால் நம் ஊர்க்காரர்கள் என்ன நினைப்பார்கள்? அடையாள அட்டைப் படம் வந்தது, சீருடைப் படம் வந்தது. கடைசியில் ஒரு கட்டம் கட்டமான 'க்யூ.ஆர்.' படமும் வந்தது. "இதை ஸ்கேன் செய்து உங்கள் பின் நம்பரைப் போடுங்கள். எழுபதாயிரம் உடனே உங்கள் கணக்கில் விழும்" என்றார்.

நான் மகனிடம் சொன்னேன்: "பாங்கில் நம் கணக்கில் பணம் கட்ட யார் வேண்டுமானாலும் கட்டலாம், நம் கையெழுத்து வேண்டாம். பணம் எடுக்கத்தான் கையெழுத்து. இந்தப் பின் நம்பர்தானே செல்போனில் நம் கையெழுத்து? நமக்கு வரவேண்டிய பணத்துக்கு நாம் எதற்குக் கையெழுத்துப் போட வேண்டும்?"

போனில் அதையே கேட்டேன். முதலில் சமாதானம், பிறகு அவசரம், அதற்குப் பிறகு கோபம். "ராணுவத்தையே சந்தேகப்படுகிறீர்களா?" என்று ஒரு சத்தம்! "ஐயா, வாங்குகிறவர் தூத்துக்குடிக்கு வாங்க. பாங்கில் வைத்துக் கொடுக்கிறேன்" என்றதும் போன் அறுந்தது. இப்படி ராணுவத்தார் பெயரைச் சொல்லி ஏமாற்றுவது தேசம் முழுக்க நடந்திருக்கிறது. ராணுவத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு நம் ஜனங்கள் வைத்திருக்கும் மரியாதையையே தூண்டில் முள்ளாக்குகிறார்கள், பாவிகள்!

சகோதரிகளே, இதை மட்டும் நெஞ்சில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 2016-இல் வந்த இந்த 'யு.பி.ஐ.' முறையில் பணம் பெறுவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை, கொடுப்பதற்கு மட்டும்தான். சந்தேகமான அழைப்பு வந்தால், மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் 'சக்ஷு' என்ற பகுதியில் புகார் செய்யலாம். பணமே போய்விட்டால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணைக் கூப்பிட வேண்டும். சீக்கிரம் சொன்னால், பணம் கைமாறிப் போவதற்குள் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. வெட்கப்பட்டு வீட்டுக்காரரிடம் மறைத்து இரண்டு நாள் கழித்துச் சொல்வதால்தான் பல பெண்களுக்குப் பணம் திரும்புவதில்லை.

நான்காம் நாள் மதுரையிலிருந்து ஒருவர் பேசினார். இவர் பேச்சே வேறு. டயலை இன்னும் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். எப்போது சர்வீஸ் செய்தது, ஒரு நாளைக்கு எத்தனை நிமிஷம் முந்துகிறது என்று கேட்டார். பிறகு நன்றாகப் பேரமும் பேசினார்! பேரம் பேசப் பேச எனக்குத் தைரியம் வந்தது. சுங்க ரசீது இருக்கிறது என்றதும் அவர் குரலே மாறிவிட்டது. மாமா கப்பலில் ஏறி இறங்கிய தேதிகள் உள்ள புத்தகமும் இருக்கிறது என்றேன். இரண்டையும் நேரில் காட்டுவதாகச் சொன்னேன், படமாக அனுப்பவில்லை. அடுத்தவர் விவரம் உள்ள காகிதத்தை முன்பின் தெரியாதவருக்கு அனுப்பக் கூடாது.

தூத்துக்குடியில் எங்கள் கணக்கு உள்ள பாங்குக் கிளையில், வேலை நாளில், காலை பதினொரு மணிக்குச் சந்திப்பது என்று முடிவாயிற்று. நான், வீட்டுக்காரர், கொழுந்தனார், நாத்தனார் நாலு பேரும் போனோம். முதல் நாள் ராத்திரி என் வீட்டுக்காரர் அந்த வாட்சைக் கட்டிக்கொண்டே தூங்கினார். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

வந்தவர் நாற்பது வயது மதிக்கத்தக்கவர். கூடவே ஒரு வாட்ச் மெக்கானிக்கை அழைத்து வந்திருந்தார். எங்கள் கண் முன்னாலேயே மூடியைத் திறந்து பார்த்தார்கள். திரும்ப மூடுவதற்கு முன் எண்ணை எங்கள் படத்தோடு ஒத்துப் பார்த்துக்கொண்டேன். கை மாறும்போது பொருள் மாறிவிடக் கூடாது பாருங்கள்! அறுபத்தெட்டாயிரம் ரூபாய்க்கு முடிந்தது. பணம் அனுப்பிவிட்டதாகத் தன் செல்போனைக் காட்டினார். எனக்கும் குறுஞ்செய்தி வந்தது. ஆனால் அதுபோலப் பொய்ச் செய்தியும் அனுப்ப முடியும் என்பதால், கவுன்ட்டரில் பாஸ்புக்கைக் கொடுத்து வரவு பதிந்த பிறகுதான் வாட்சைக் கொடுத்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நானும் இதைத்தான் செய்வேன் மேடம்" என்றார். வாட்சின் விவரம், எண், விலை, தேதி எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொண்டோம். (ரொக்கமாக வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ஒரே வியாபாரத்தில் ரொக்கமாகப் பெறக்கூடாது என்பது 2017 முதல் வருமான வரிச் சட்டத்தில் உள்ள விதி.)

வீட்டுக்கு வந்து, ஆளுக்குப் பதினேழாயிரம் என்று நாலு பங்கு வைத்தேன். பஸ் செலவு, ரிப்பேர்காரருக்குக் கொடுத்தது எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, "இது எங்கள் செலவு, பங்கில் பிடிக்கவில்லை" என்று காட்டினேன். உறவுக்குள் கணக்கு எதற்கு என்பார்கள். உறவு நிலைக்க வேண்டும் என்றால்தான் கணக்கு வேண்டும் என்பேன் நான். அத்தை தன் பங்கையும் மகள் மடியில் வைத்தார். நாத்தனார் இந்த முறை "எனக்கு எதுக்கு?" என்று சொல்லவில்லை. எண்ணிப் பார்த்து முடிந்துகொண்டாள். "மதினி, இது தர்மம் இல்ல, என் பங்கு. அதான் வாங்கிக்கிடுதேன்" என்றாள். பையன் பாலிடெக்னிக்கில் சேர்ந்துவிட்டான்.

உங்கள் பீரோவிலும் இப்படி ஏதாவது ஒன்று கிடக்கலாம். அதை விற்பதும் வைத்துக்கொள்வதும் உங்கள் இஷ்டம். விற்பதானால் தேய்க்காதீர்கள், மெருகு போடாதீர்கள். முதலில் விலையை விசாரியுங்கள். காகிதம் எதுவானாலும் எறியாதீர்கள். அவசரப்படுத்துகிறவரிடம் விற்காதீர்கள். பணம் பாஸ்புக்கில் ஏறாமல் பொருளைக் கையைவிட்டு இறக்காதீர்கள். வீட்டுப் பெண்ணின் பங்கை அவள் கேட்கும் வரைக்கும் காத்திருக்காதீர்கள்.

வாங்கியவரைப் பற்றி அத்தை என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "கட்டுற ஆளா, பூட்டி வைக்கிற ஆளா?" என்றார். "அங்கேயே கையில் கட்டிக்கொண்டுதான் போனார், அத்தை" என்றேன். "அப்பம் சரி, ஓடும்" என்று சொல்லிவிட்டு உளுந்து புடைக்கப் போய்விட்டார்.